ஆயிரம் பொற்கொல்லர்

என் பழைய மாணவ மாணவியருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அச்சன்புதூரிலிருந்து வணக்கம். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையை முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "நல்லா இருக்கு டீச்சர்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். நான் கண்டுபிடித்துவிடுவேன்.

போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் நம் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைப் பார்த்தேன். பையன் என்றா சொன்னேன், நாற்பது வயது தாண்டிவிட்டது, காதோரம் நரை. பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா நகை வேலை செய்தவர். வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை. ஊதுகுழலும் குறடுமாக அவர் குனிந்து உட்கார்ந்திருப்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். என் கம்மலுக்குத் திருகாணி அவர்தான் செய்து தந்தார்.

குடும்ப விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "டீச்சர், ஒரு சங்கதி கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீயளே?"

"கேளுடா."

"எம் மக ஒன்பதாம் கிளாஸ். சிலப்பதிகாரம் முழுசா வாங்கி வச்சுப் படிக்கா. அதுல கொற்கையில ஆயிரம் தட்டாமார வெட்டிப் பலி குடுத்ததா இருக்காமே. நீங்க ஏன் எங்களுக்கு அதச் சொல்லல?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் ஆண்டு விழாவைச் சொல்ல வேண்டும். 1996. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 'கண்ணகி வழக்கு' என்று ஒரு நாடகம் போட்டோம். நான்தான் எழுதினேன், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாண்டியன் வேடத்துக்கு உயரமான பையன். கண்ணகிக்குக் குரல் எடுப்பான பெண். பொற்கொல்லன் வேடத்துக்கு யார் என்று யோசிக்கவே இல்லை. "இவங்க வீட்டுலதான் குறடு, சுத்தியல் எல்லாம் இருக்கு, இவனே நடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரித்தானா என்று பார்க்கவில்லை.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. கண்ணகி சிலம்பை உடைத்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கல்யாணப் பந்தியில் அவன் சொன்னான். "அதுக்குப் பொறவு எட்டாம் கிளாஸ் முடியுற வரைக்கும் எம் பேரச் சொல்லி ஒருத்தனும் கூப்பிடல டீச்சர். 'கள்ளத் தட்டான்'தான். யாரு பென்சில் காணாமப் போனாலும் எம் பையத்தான் மொதல்ல கொட்டுவானுவ."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. தெரியாது என்பது பொய். அந்தப் பெயர் என் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கண்ணகி புத்தகத்தில் வந்தவள் இல்லை, மேடையில் வந்தவள். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல். அதற்கு முன்னும் பின்னும் சாதாரண ஜனங்கள் அறிந்தது கோவலன் கதையைத்தான். நம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களில் 'கோவலன்' பேர்போனது. அவர் போன பிறகும் ஸ்பெஷல் நாடகமாக ஊர் ஊராக நடந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் கொடைக்குக் கோவலன் நாடகம் வைத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியப் பெட்டி திறந்தால் விடியும்வரை. ஆச்சி மடியில் தூங்கிப்போன என்னை, கண்ணகி தலைவிரி கோலமாக வரும் நேரம் தட்டி எழுப்பிவிடுவார்கள். தீப்பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசுவார்கள். குபீரென்று தீ எழும். பெண்கள் குலவை போடுவார்கள். அந்தத் தீ வெளிச்சத்தில் தட்டான் வேடக்காரர் மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஜனம் "விடாத, விடாத" என்று கத்தும். நானும் கத்தினேன்.

என் அம்மாவுக்கு 1942இல் வந்த 'கண்ணகி' படத்தின் கண்ணாம்பா. எனக்கு 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தின் விஜயகுமாரி. ஆளுக்கு ஒரு கண்ணகி. கதை மட்டும் ஒன்றே: அநியாயம் நடந்தது, ஒரு பெண் பழி தீர்த்தாள், மதுரை எரிந்தது, மங்களம்.

ஆசிரியர் பயிற்சியில் நான் படித்ததும், பாடப்புத்தகத்தில் இருந்ததும் அந்த வழக்குப் பகுதிதான். முழு நூலையும் நான் உட்கார்ந்து படித்தது ஓய்வு பெற்ற பிறகு. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அதிலும் கொற்கைச் செய்தி வரும் வரிகளை ஒரு முறை கடந்துதான் போயிருக்கிறேன், என் கண் அங்கே நிற்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்த அன்று ராத்திரி திரும்ப எடுத்தேன். இந்த முறை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சரும் நானே அல்லவா.

கோவலன் சிலம்பு விற்க மதுரைக் கடைத்தெருவுக்கு வருகிறான். எதிரே அரண்மனைப் பொற்கொல்லன் வருகிறான். அவனுக்குப் பின்னால் நுட்பமான வேலை தெரிந்த கொல்லர்கள் நூறு பேர் வருவதாக இளங்கோவடிகள் எழுதுகிறார். அந்த நூறு பேரையும் கை தேர்ந்தவர்கள் என்று மதிப்பாகத்தான் சொல்கிறார். முன்னால் நடக்கிற ஒருவன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். பின்னால் வருகிற நூறு பேருக்கு அதில் பங்கு இருப்பதாக ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்று கவனியுங்கள். அந்தத் திருடனுக்குக் காப்பியத்தில் பெயர் கிடையாது. கோவலனுக்குப் பெயர் உண்டு. அடைக்கலம் கொடுத்த இடைக்குலப் பெண்ணுக்கு மாதரி என்று பெயர் உண்டு. அவள் மகளுக்கு ஐயை என்று பெயர் உண்டு. திருடியவன் மட்டும் 'பொற்கொல்லன்'. தொழிலின் பெயரே குற்றவாளியின் பெயராகிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, எட்டாம் வகுப்பில் பென்சில் காணாமல் போனால் ஒரு பையனின் பையைக் கொட்டிப் பார்ப்பதற்கு வழி அங்கேயே இருந்திருக்கிறது.

சரி, கொலைக்கு யார் யார் பொறுப்பு? பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் ஊடல்கொண்ட தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் இருந்தான். சிலம்பு கையில் இருந்தால் கொன்று எடுத்து வாருங்கள் என்று காவலரை அனுப்பினான். விசாரணை இல்லை. போன காவலரில் ஒருவன், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினான். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி அவன் வாயை அடைத்தான். கடைசியில் குடித்திருந்த, படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசினான். பொய் சொன்னவன், விசாரிக்காதவன், தயங்கியும் தடுக்காதவன், வெட்டியவன். நாலு விதமான ஆட்கள்.

அடுத்தது வழக்கு. நாம் மேடையில் போட்டது இதைத்தான். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. தான்தான் கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரசன் அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான். தேவியும் போய்விடுகிறாள். ஒரு நீதிபதி தன் தீர்ப்பு தப்பு என்று தெரிந்ததும் தனக்கே தண்டனை கொடுத்துக்கொண்ட வழக்கு இது. வழக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கண்ணகி இடது முலையைத் திருகி எறிகிறாள், ஊர் எரிகிறது. அந்த ஆத்திரத்திலும் அவள் தீக்கு ஒரு வரம்பு வைக்கிறாள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், இவர்களைத் தொடாதே என்கிறாள். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது இதற்குப் பிறகு வருவது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்துக் கல்லை எடுத்துக்கொண்டு, வடநாட்டு மன்னர்களோடு போரும் முடித்து, கங்கைக் கரையில் தங்கியிருக்கிறான். மாடலன் என்ற மறையவன் வந்து தெற்கே நடந்ததைச் சொல்கிறான். கோவலன் தாய் இறந்தாள். கண்ணகியின் தாய் இறந்தாள். இரண்டு தகப்பன்மாரும் துறவிகளாகிவிட்டார்கள். அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாமல் கிடந்து உயிரை விட்டார். இந்த வரிசையில் இன்னொரு செய்தி. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குப் பலியாக ஒரே பகலில் இரண்டு ஐந்நூறு பொற்கொல்லர்களைக் கொன்றான். நூலின் தொடக்கத்தில் இருக்கும் உரைபெறு கட்டுரையிலும் இது வருகிறது. பாண்டி நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் வந்ததாம். இந்தப் பலியும் விழாவும் எடுத்த பிறகு மழை பெய்ததாம்.

அவ்வளவுதான். அழுதவர்கள் யார், பிள்ளைகள் என்ன ஆனார்கள், ஒன்றும் இல்லை. திருடின அந்த ஒருவனுக்கு என்ன ஆயிற்று என்றுகூடத் தனியாகச் சொல்லவில்லை.

கிரேக்க நாடகங்களில் கொலையை மேடையில் காட்ட மாட்டார்கள். உள்ளே நடக்கும், ஒரு தூதுவன் வந்து சொல்வான். கேட்கிறவர்களுக்கு அதுவே போதும், குலை நடுங்கும். நம் காப்பியத்திலும் கொற்கைக் கொலையை மாடலன் வந்து சொல்கிறான். ஆனால் கேட்ட நமக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்த்த எந்தக் கோவலன் நாடகத்திலும் அந்தக் காட்சி இல்லை. கண்ணகி மூட்டிய தீயை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கொற்கை எங்கோ இல்லை. ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடவிநயினார் அணையிலிருந்து வருகிற நம் அனுமன் நதி சிற்றாற்றில் சேர்ந்து, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்ந்து, அந்தப் பக்கமாகத்தான் கடலுக்குப் போகிறது. நாம் கால் நனைக்கிற தண்ணீர்தான்.

ஆயிரம் பேர் என்பது சரித்திர உண்மையா, கவிஞர் சொன்ன எண்ணா என்று நீங்கள் கேட்கலாம். சிலப்பதிகாரம் ஒரு காப்பியம். அதில் வரும் எண்ணைக் கல்வெட்டுக் கணக்குப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு உறுத்துவது வேறு. ஒருவன் செய்த குற்றத்துக்கு அதே தொழில்காரர் ஆயிரம் பேரைக் கொன்றால் தெய்வம் குளிரும், மழை பெய்யும் என்று நினைக்க நம்மால் முடிந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. வஞ்சியில் கோயில் எடுத்த பிறகு கண்ணகி தெய்வமாகத் தோன்றிப் பேசுகிறாள். பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். விசாரிக்காமல் கொல்லச் சொன்ன அரசனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. குற்றமே செய்யாத பட்டறைக்காரர்களுக்கு வாள் கிடைத்தது. பழி என்பது ஆற்றுத் தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். மேலே இருப்பவனை விட்டுவிடும், திருப்பி அடிக்க முடியாதவன் தலையில் போய் விழும்.

கோவலனும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு பழைய கதை சொல்கிறது. முற்பிறப்பில் கலிங்க நாட்டில் கோவலன் பரதன் என்ற அரச சேவகனாக இருந்தானாம். சிங்கபுரத்துக்கு வணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைவரின் ஒற்றன் என்று சொல்லி அரசனிடம் பிடித்துக் கொடுத்துக் கொல்ல வைத்தானாம். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது, சாபமிட்டு, மலையிலிருந்து விழுந்தாளாம். அதாவது அரசனிடம் பொய்யாகக் காட்டிக் கொடுத்ததில் கோவலனும் அந்தப் பொற்கொல்லனும் ஒரே வேலையைச் செய்தவர்கள். முன்வினைக் கணக்கை நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் விடுங்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று பின்னால் தேடிக்கொண்டே போனால் இன்னொரு பெண்ணின் அழுகைதான் கேட்கும் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நம் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். தகப்பனைக் கொன்றவனைப் பழிவாங்கப் புறப்பட்ட மகன் கதை. முடியும்போது எண்ணிப் பார்த்தால், ஒரு சாவுக்காக எட்டுச் சாவு. கொன்ற சித்தப்பன் அந்த எட்டில் ஒருவன்தான்.

கிரேக்கத்தில் ஈஸ்கிலஸ் என்பவர் கி.மு. 458இல் மேடையேற்றிய 'ஒரெஸ்டியா' என்ற மூன்று நாடகங்கள் இதைவிடப் பொருத்தம். மனைவி கணவனைக் கொல்கிறாள், மகன் தாயைக் கொல்கிறான், பழிவாங்கும் தேவதைகள் மகனைத் துரத்துகின்றன. கடைசியில் ஏதென்ஸ் நகரில் அதீனா தெய்வம் ஒரு நீதிமன்றம் வைக்கிறாள். ஓட்டு சமமாக விழுகிறது, மகன் விடுதலை. அப்போது அந்தத் தேவதைகளின் கோபம் நகரத்தின் மேல் திரும்புகிறது. அதீனா அவற்றை விரட்டவில்லை. பேசிப் பேசிச் சமாதானம் செய்து, நகரத்திலேயே ஓர் இடமும் பூசையும் கொடுத்து உட்கார வைக்கிறாள்.

கோபத்துக்கு ஓர் இடம் கொடுத்துக் குளிர வைப்பது நமக்குத் தெரியாததா? இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு 'குளிர்த்தி'யோடுதான் முடியும். அவள் வழக்குரைத்த கதையைப் படித்து, பிறகு தாயே குளிர்ந்தருள் என்று பாடுவார்கள். நம் ஊரில் கொடை முடிந்து மஞ்சள் நீர் ஊற்றுவது எதற்கு? அதற்குத்தான். கொற்கையில் ரத்தத்தால் குளிர வைக்கப் பார்த்தார்கள். மட்டக்களப்பில் பாட்டாலும் தண்ணீராலும் குளிர வைக்கிறார்கள். அவள் அதே கண்ணகிதான்.

இது பழங்கதை, இப்போது எதற்கு என்று நினைப்பீர்கள். நம் தென் மாவட்டங்களில் பேப்பரைத் திறந்தால் 'பழிக்குப் பழி' என்ற தலைப்பு இல்லாத மாதம் உண்டா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். கூடப் படித்த பையன்கள் செய்ததும், அவர்கள் கொடுத்த தொல்லையை அவன் ஆசிரியரிடம் சொன்னதுதான் காரணம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்க நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அதைப் பற்றி வாதம் செய்ய நான் வரவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவளாக எனக்குத் தெரிந்தது ஒன்று: அரிவாள் கடைசியில்தான் வரும். முதலில் பட்டப்பெயர் வரும். வகுப்பு சிரிக்கும். டீச்சரும் சிரிப்பாள்.

அவன் அரிவாள் எடுக்கவில்லை. படித்தான், வேலைக்குப் போனான், பிள்ளைகளை வளர்க்கிறான், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அது அவன் அப்பா அம்மாவின் வளர்ப்பு. என் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவனிடம், "நான் செஞ்சது தப்புடா" என்றேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்றான். அவன் விட்டுவிட்டான். சபை நடுவில் செய்த தப்புக்குக் கை கழுவுகிற இடத்தில் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அவன் பெயரை எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டப்பெயரைச் சொன்னவர்களும் இதைப் படிக்கிறீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை, உங்களுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்கு அப்படி இல்லை. முடிந்தால் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கே என்று கேளுங்கள். வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இப்போது ஆசிரியர் வேலையில் இருக்கிறீர்கள். கண்ணகி நாடகம் போடுங்கள், நல்ல நாடகம். ஆனால் பொற்கொல்லன் மேடைக்கு வரும்போது அவனுக்குப் பின்னால் நாலு நல்ல கொல்லர்களையும் நடக்க விடுங்கள். இளங்கோவடிகள் நூறு பேரை அனுப்பியிருக்கிறார், நமக்கு நாலு பேராவது கிடைக்க மாட்டார்களா? திருடன் வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முந்தின நாள் ராத்திரி யோசித்து வையுங்கள். நாடகம் முடிந்ததும் கொற்கையில் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் கைதட்ட விடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.

அவன் மகளுக்கு என் கையால் அடிக்கோடிட்ட சிலப்பதிகாரத்தை அனுப்பி வைத்திருக்கிறேன். அந்தக் கொற்கை வரிகளுக்குப் பக்கத்தில், "இதை முதலில் கேட்டது நீ" என்று எழுதியிருக்கிறேன்.

எல்லாரும் நல்லா இருங்கள். மழை நேரம், குற்றால அருவியில் குளிக்க வருகிறவர்கள் வழியில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். காப்பி உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்